பதின்மூன்றாவது ஓட்டு

"தம்பி ஹானுஸ், காலையில ஏதாவது சாப்பிட்டியா?" என்று தோளில் கை போட்டார் லுதோவிகோ. இத்தாலியின் பெரிய கால்பந்து கிளப் ஒன்றின் முதலாளி. நேற்றுவரை ஹானுஸை ஓட்டல் சிப்பந்தி என்று நினைத்து, கோட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தவர்.

மோந்த்ரோ ஏரிக்கரை ஓட்டலின் கூட்ட அறை வாசலில் பன்னிரண்டு பெரிய கிளப்களின் தலைவர்களும் ஒரே மாதிரி நீல டை கட்டி நின்றார்கள். புகைப்படக்காரர்களுக்காகக் கை கோத்தபோது, கூடப்பிறந்தவர்களே தோற்றுப்போவார்கள்.

ஐரோப்பியக் கோப்பையின் விதிகளை முடிவு செய்யும் குழுவில் ஓட்டு உள்ளவர்கள் மொத்தம் பதினாறு பேர். பன்னிரண்டு பேர் இவர்கள். மீதி நான்கு பேர் சின்ன நாடுகளின் சின்ன கிளப்காரர்கள். அன்றைய தீர்மானம், உள்ளூர் லீகில் கடைசி இடத்துக்கு வந்தாலும் இந்தப் பன்னிரண்டு கிளப்களுக்கும் கோப்பையில் நிரந்தர இடம் உண்டு என்பது. அது நிறைவேறப் பதின்மூன்று ஓட்டு வேண்டும்.

அந்தக் கூடுதல் ஒரு ஓட்டுக்காகத்தான் ஹானுஸுக்கு இந்த உபசாரம். அவர் ஃபாரோ தீவுகளில் மீன் பதப்படுத்தும் ஆலையில் ஃபோர்மேன். நெஸ்வாக் என்ற ஊரின் கிளப்புக்கு, வேறு யாரும் முன்வராததால், ஒன்பது வருடமாகத் தலைவர்.

"உங்க ஊரு மைதானத்துல என்ன குறை? கூச்சப்படாம சொல்லு."

"காத்துதாங்க. ஓங்கி உதைச்சா பந்து கடலுக்குப் போயிடும். எடுத்துட்டு வர படகுல ஒரு ஆளை உட்கார வெச்சிருக்கோம். போன மேட்ச்ல கோல் ரெண்டு, படகு பதினோரு தடவை."

லுதோவிகோ சிரிக்கவில்லை. "கடல் பக்கம் முழுக்க கேலரி கட்டித் தர்றேன். கோட்டைச் சுவர் மாதிரி நிக்கும். திறப்பு விழாவுக்கு எங்க டீமே வந்து ஆடும். போதுமா?"

ஹானுஸ் யோசித்தார். தீர்மானம் வந்தால் நெஸ்வாக் மாதிரி ஊர்களுக்கு இருக்கிற இரண்டொரு இடமும் போய்விடும். ஆனால் அந்தக் கேலரிக்காக ஊரே கேக் விற்று, லாட்டரி நடத்தி, இதுவரை சேர்த்தது நாலு தூண் மட்டும்தான்.

"ரகசிய ஓட்டுத்தானே?" என்றார் மெல்ல.

"பின்ன? கையைத் தூக்கினா போதும்னாங்க. நாங்க பன்னிரண்டு பேரும்தான், முடியவே முடியாது, சீட்டுல எழுதித்தான் போடணும்னு அடம் பிடிச்சோம். எல்லாம் உன் நல்லதுக்குத்தான்டா!"

ஹானுஸ் கை கொடுத்தார்.

கை கழுவப் போன இடத்தில் பக்கத்துக் குழாய்க்கு வந்தார், பன்னிரண்டு பேரில் ஒருவரான ஜெர்மனிக்காரர் ஃபோல்க்மார். "லுதோவிகோ பேசினாரா? தங்கமான மனுஷன். டீம்தான் சொத்தை. இந்தத் தீர்மானம் மட்டும் இல்லேன்னா, அடுத்த வருஷம் கோப்பையை அவர் டி.வி.யிலதான் பார்க்கணும்" என்று கண்ணடித்தார். கை குலுக்கும்போது லுதோவிகோவும் ஃபோல்க்மாரின் டீமைப் பற்றி இதையேதான் காதில் சொல்லியிருந்தார்.

அறைக்குள் நுழையும்போது மால்டா கிளப்பின் தோனினா கையைப் பிடித்தாள். "ஹானுஸண்ணே, நாம நாலு பேரும் கெட்டியா நின்னா இவனுங்களால ஒண்ணும் புடுங்க முடியாது. நிப்பீங்கல்ல?"

ஹானுஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

ஓட்டுப்பெட்டி கொண்டுவர மறந்துவிட்டார்கள். ஓட்டல்காரர்கள் சூப் ஊற்றும் பெரிய பீங்கான் பாத்திரம் ஒன்றைத் துடைத்து வைத்தார்கள். பதினாறு பேரும் இடது கையால் மறைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுவது போல் எழுதினார்கள். ஹானுஸும் எழுதி, எட்டாக மடித்து, பாத்திரத்தில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

குழுவின் தலைவி ரொசலே அம்மையார் சீட்டுகளை எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். பிறகு செயலாளரை எண்ணச் சொன்னார்.

"தீர்மானம் தோல்வி."

"என் சிங்கமே!" என்று பாய்ந்து வந்து ஹானுஸைக் கட்டிக்கொண்டாள் தோனினா. மற்ற இரண்டு சின்ன கிளப்காரர்களும் அவரை நாற்காலியோடு தூக்கப் பார்த்தார்கள்.

லுதோவிகோவின் முகம் தக்காளியாகிவிட்டது. "கை குடுத்துட்டுக் கழுத்தறுத்துட்டியேடா பாவி! நாங்க பன்னிரண்டு பேரும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்களா நின்னோம். ஒத்த ஓட்டுல கவுத்துட்டியே!"

"மீன்காரனை நம்பினோம் பாருங்க!" என்றார் ஃபோல்க்மார். மற்றவர்கள் "துரோகி! துரோகி!" என்று மேஜையைத் தட்டினார்கள். ஹானுஸ் மூன்று முறை வாயைத் திறந்தார். யாரும் பேச விடவில்லை.

ரொசலே அம்மையார் மணியை அடித்தார். "கொஞ்சம் அமைதியா இருங்க. ஒத்த ஓட்டுல தோக்கலை. எதிர்ப்பு பதினஞ்சு. ஆதரவு ஒண்ணே ஒண்ணு."

மேஜை தட்டும் சத்தம் சட்டென்று நின்றது. பன்னிரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கூரையில் தொங்கிய விளக்கை வெகு அக்கறையாகப் பார்த்தார்கள்.

தோனினாவின் பிடியிலிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டு, ஹானுஸ் தலையைச் சொறிந்தார்.

"அந்த ஒண்ணு... நான் போட்டதுங்க."