நீலக் கோட்டு

"இந்த நீலக் கோட்டைப் போட்டுக்கிட்டுப் போ, லெனார்ட்!" இல்வா வாசலை மறித்து நின்றாள்.

மூஸ் மான் வேட்டையின் முதல் நாள். லெனார்ட் தலையில் அடித்துக்கொண்டான். "மானுக்கு நீலந்தான் சட்டுனு கண்ணுல படும். நான் வேட்டைக்குப் போறேனா, வேடிக்கை காட்டப் போறேனா?"

"அப்ப இந்த ஆரஞ்சுத் தொப்பி?"

"மானுக்கு ஆரஞ்சும் பச்சையும் ஒண்ணுதான். இலையோட இலையாத் தெரிவேன். மத்த வேட்டைக்காரங்களுக்குத்தான் பளிச்னு தெரியும். இல்லாட்டி என்னையே சுட்டுடுவாங்களே!"

"எல்லார் கண்ணுக்கும் தெரியுமா?"

"மனுஷனாப் பொறந்த எல்லாருக்கும்!"

இல்வா கோட்டை மறுபடி நீட்டினாள். யாரிடமும் சொல்வதில்லை என்று சிறு வயதில் செய்த சத்தியம், காரணத்தைச் சொல்லவிடாமல் தடுத்தது.

வெளியே கார் வந்து நின்றது. அவள் அப்பா எவர்ட், தோளில் துப்பாக்கியும் கையில் வாளியுமாக உள்ளே வந்தார்.

"இந்தாம்மா, லிங்கன்பெரி. செக்கச்செவேல்னு பழுத்ததாப் பார்த்துப் பறிச்சேன். சீக்கிரம் வாங்க மாப்பிள்ளே, இன்னிக்கு உங்களுக்கு எதிர்ப் பரண்ல நான்தான்!" என்றவர், வாளியை வைத்துவிட்டுக் காருக்குப் போனார்.

லெனார்ட் வாளிக்குள் எட்டிப் பார்த்தான். பாதிக்கு மேல் பச்சைக் காய்.

"சின்ன வயசுலேர்ந்து காயைப் பொறுக்கி எறியறது என் வேலை," என்றாள் இல்வா. "அப்பா கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

லெனார்ட் கோட்டை வாங்கி, கழுத்து வரை பொத்தானைப் போட்டுக்கொண்டான்.