கார்டியன் கையெழுத்து

மூன்றாவது நாளாக மகளோடு வங்கிக்கு வந்திருந்தார் கொத்தனார். அவளுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை கிடைத்திருந்தது. சம்பளம் போட ஒரு கணக்கு வேண்டும்.

“பொண்ணுக்குத்தான் கண்ணு தெரியாதே! படிச்சுப் பாக்காம எப்படிக் கையெழுத்துப் போடும்? கார்டியனா நீங்க போடுங்க” என்றார் அதிகாரி, மறுபடியும்.

“பதினெட்டு முடிஞ்சிருச்சு சார். நாளைக்கு நான் கண்ண மூடிட்டா?”

“அப்ப வேற கார்டியன்.”

“சட்டம் அப்படிச் சொல்லல சார்” என்றாள் மகள்.

அதிகாரி அவள் பக்கம் திரும்பாமலே படிவத்தை அப்பாவிடம் தள்ளினார்.

கொத்தனாருக்குப் பொறுமை போய்விட்டது. இடது பெருவிரலை நீட்டினார்.

“மையக் குடுங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருபது வருஷமா இதே பேங்குலதான் கணக்கு வச்சிருக்கேன். உன் கார்டியன் எங்கேன்னு ஒருத்தரும் கேட்டதில்லையே சார்!”