கடல் தொட்டிக்கு இரண்டு வாளி

இறால் மல்லாந்து கிடந்தது.

ராஜசேகரன் அதை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தார். தட்டில் ஏற்கெனவே இரண்டு நத்தைகள். தொட்டிக்குள் பவளங்கள் சுருங்கி, வெளுத்து, பிழிந்து போட்ட துணி மாதிரித் தொங்கின.

டெல்லி துவாரகாவில் எட்டாவது மாடியில், கூடத்துக்குள் ஒரு துண்டுக் கடலை வைத்துக்கொண்டு நான்கு வருடமாக மனுஷன் படுகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை. அதற்கு வடிகட்டின தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அதற்கென்றே பால்கனியில் தனி மெஷின். குழாய்த் தண்ணீரில் மருந்து இருக்கும், அது பவளத்துக்கு விஷம் என்று வேலைக்கு வரும் செங்கம்மாளுக்கு அவர் பாடமே எடுத்திருந்தார். அவர் வெளியூர் போனால் தொட்டியில் வற்றியதை நிரப்புவது அவள் பொறுப்பு.

நேற்று இரவுதான் திரும்பி வந்தார். இப்போது, திங்கட்கிழமை காலையில், தொட்டிக்குக் கீழே வாளியில் மிச்சமிருந்த தண்ணீரில் பேனா மாதிரி ஒரு மீட்டரை முக்கினார். சுத்தமான தண்ணீர் என்றால் பூஜ்யம் காட்ட வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

"உன்னை நம்பித்தானே விட்டுட்டுப் போனேன் செங்கம்மா? குழாய்த் தண்ணியவா ஊத்தினே?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

ஊற்றியது உண்மை. சனிக்கிழமை காலை, இரண்டு வாளி.

ஆனால் ஊற்றச் சொன்னது சாரின் மனைவி உஷாராணி அக்கா. மெஷின் ரிப்பேர், ஆளைக் கூப்பிட்டுச் சரிபண்ணு என்று சார் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். அக்கா மறந்துவிட்டாள், நேற்றுத்தான் ஆள் வந்து சரிபண்ணினான். தொட்டி வற்றி மோட்டார் உறும ஆரம்பித்தபோது அவள் சரோஜினி நகர் மார்க்கெட்டில் சுடிதார் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். செங்கம்மாள் பயந்துபோய் வாட்ஸப்பில் பேசிக் கேட்க, அக்காவின் குரலில் பதில் வந்தது. குழாயிலிருந்தே ஊற்று, சாருக்குத் தெரிய வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

பார்த்துக்கொள்கிற அக்கா இப்போது சாப்பாட்டு மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

செங்கம்மாள் காத்திருந்தாள். அக்கா வாயைத் திறப்பாள், திறக்காமல் எங்கே போவாள். ஆறு வருடத்துக்கு முன்னால், முதல் நாளே, மேடம் என்று கூப்பிடாதே, நீயும் விழுப்புரம் நானும் விழுப்புரம், அக்கா என்று கூப்பிடு என்று சொன்னவள். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த வீட்டில் சொல்லாத வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தாள். அக்காவைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு நாக்கு எழவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தாலோ, நம்பி விட முடியாதவள் என்கிற பேர் மதியத்துக்குள் அபார்ட்மெண்ட் சொசைட்டி வாட்ஸப் குரூப் முழுக்கப் போய்விடும். கூடவே மற்ற இரண்டு வீட்டு வேலையும் போகும்.

அக்கா வாயைத் திறந்தாள்.

"விடுங்க, பாவம். அவளுக்கு என்னங்க தெரியும்? படிக்காதவ, ஏதோ குழம்பிட்டா."

திட்டியிருந்தால்கூடச் செங்கம்மாள் பொறுத்திருப்பாள். தப்பு பண்ணினவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே இவளை மன்னித்து விடுகிறாள். அடிப்பாவி, ஒரு வார்த்தை, ஏங்க நான்தான் சொன்னேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? புருஷன் பத்து நிமிஷம் முறைத்திருப்பார், அவ்வளவுதானே.

இனி என்ன விசுவாசம். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். எழுதினால் இவளுக்குப் படிக்க வராது என்பதால் அக்கா எப்போதும் பேசித்தான் அனுப்புவாள். சின்ன வட்டத்தில் அக்காவின் முகம், பக்கத்தில் ஒரு முக்கோணம். முக்கோணத்தைத் தொட்டால் குரல்.

வெள்ளிக்கிழமையின் குரல் இருந்தது, கொத்தமல்லி வாங்கி வரச் சொல்லி. நேற்றைய குரல் இருந்தது. நடுவில், சனிக்கிழமையில், முகத்தையும் காணோம், முக்கோணத்தையும் காணோம். சாம்பல் நிறத்தில் ஒரு வரி எழுத்து மட்டும் இருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அது பேசவில்லை.

அனுப்பினவரே அழித்துவிட்டால் அந்த இடத்தில் அப்படி ஒரு வரி வந்து நிற்கும் என்பது அவளுக்குத் தெரியாது.

"இது என்ன சார் எழுதியிருக்கு? அக்கா அனுப்புனதுதான் சார், சனிக்கிழமை."

அப்போதுதான் அக்கா நிமிர்ந்தாள்.

சார் போனை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். அந்த ஒரு வரிக்கு ரொம்ப நேரம் ஆனது. பிறகு மேலே யார் பெயர் என்று பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அவர் போனை அணைத்துச் செங்கம்மாளிடம் நீட்டினார். நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் எழுதலை. போய் வேலையைப் பாரு."