நான்கு எண்ணும்வரை

வேலப்பனுக்கு இளைப்பு. மூக்கால் இரண்டு எண்ணி மூச்சை இழுத்து, வாயைக் குவித்து நான்கு எண்ணி விடச் சொன்னார் வைத்தியர். தினமும் அடுப்பு முன் உட்கார்ந்து ஊதாங்குழலில் அப்படியே விட்டான். நான்கு எண்ணும்வரை தணல் சிவந்து, பிறகு அடங்கும்.

மூன்றாம் மாதம் மலையிறங்கிப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டுபோனான். திரும்பி மலையேறும்போது எங்கும் உட்காரவில்லை. கூட வந்த இளவட்டங்கள்தான் மூச்சு வாங்கினார்கள்.

"ஒரு எடத்துலகூட நிக்கல, கண்ணாயி!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் வந்தான்.

"தெரியுமுங்க," என்று மனைவி அடுப்பைக் காட்டினாள்.

ஊதாங்குழல் சுவரோரம் சாய்ந்திருந்தது. யாரும் ஊதாமலே தணல் நான்கு எண்ணும்வரை சிவந்து அடங்கி, மறுபடி சிவந்தது.

வேலப்பன் மூச்சை அடக்கிப் பார்த்தான். வெகுநேரம் ஆகியும் சிரமமே தெரியவில்லை; தணல் மட்டும் அதே கணக்கில் சிவந்து அடங்கிக்கொண்டிருந்தது.

"காலையில இருந்து அணைய விடலீங்க," என்று பெருமையாகச் சொல்லி, கண்ணாயி இன்னொரு விறகை வைத்தாள்.