அத்தை கொண்டுவந்த கூடை

ஹெய்லாலா வார்டுக்குள் நுழைந்தபோது, அவள் புருஷனுக்கு வந்த சாப்பாட்டை டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் மட்டுமா? மயக்க மருந்து கொடுப்பவர், உள்ளூர் நர்ஸ் சேயினி, நடக்கப் பழக்குபவர் என்று ஆபரேஷன் குழுவின் ஆறு பேரும் ஃபெலெட்டியின் கட்டிலைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு பொட்டலத்தை வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மாட்டிறைச்சியைத் தேங்காய்ப்பாலோடு சேம்பிலையில் பொதிந்து குழியடுப்பில் வேகவைத்த லூ. வாசனை வாசல்வரை வந்தது.

ஃபெலெட்டி ராத்திரியிலிருந்து பட்டினி. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனுக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன். எச்சிலை விழுங்கியபடி பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து நாற்காலியில் அவனுடைய அத்தை லவீனியா, காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஹெய்லாலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று இதே ஆட்களுக்கு அவள் தர்பூசணி கொண்டுவந்து நீட்டினாள். நோயாளி வீட்டிலிருந்து எதுவும் வாங்கக் கூடாது, அது எங்கள் சட்டம் என்று டாக்டர் கார்மோடி கெஞ்சாத குறையாக மறுத்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து டோங்காத் தீவுக்கு வந்து இறங்கிய நாள்முதல் டீயும் பிஸ்கட்டுமாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

சேயினியின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப்போனாள்.

"தர்பூசணிக்கு ஒரு சட்டம், லூவுக்கு ஒரு சட்டமா? பட்டினி கிடக்கிற மனுஷன் முன்னாடி இப்படியா திம்பீங்க? அவங்கதான் வெளியூரு. நீ டோங்காக்காரிதானே, வெக்கமா இல்ல?"

சேயினி வாயிலிருந்ததை விழுங்கினாள். "மெதுவா பேசுங்கக்கா, அத்தை காதுல விழும். நான் உள்ள வரவும், அத்தை பொட்டலத்தைப் பிரிக்கவும் சரியா இருந்துச்சு. ஒரு வாய் உள்ள போயிருந்தா இன்னைக்கு ஆபரேஷன் கிடையாது. மயக்கத்துல வாந்தி வந்தா உயிருக்கே ஆபத்து. இவங்க நாளைக்குக் கிளம்பறாங்க. விட்டா அடுத்த வருஷம்தான்."

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எங்க, நீங்க போய்ச் சொல்லுங்க பாப்போம்."

அப்பாவோடு பிறந்தவள் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல டோங்காவில் எவனுக்கும் நெஞ்சுரம் கிடையாது. கொண்டுவந்த கூடை காலியாகாமல் திரும்பிப் போனால் அவளுக்கு அவமானம். அத்தை சாப்பிடு என்றால் ஃபெலெட்டி விஷத்தைக்கூடச் சாப்பிடுவான்.

"அதான் நானே எடுத்துத் திங்க ஆரம்பிச்சேன். டாக்டர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். சட்டத்தை அப்புறம் பாத்துக்கலாம்னு அவரும் ஒரு பொட்டலத்தைப் பிரிச்சிட்டாரு."

ஹெய்லாலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு வருஷமாக ஃபெலெட்டி தேவாலயப் பாடகர் குழுவை நாற்காலியில் உட்கார்ந்தே நடத்திக்கொண்டிருந்தான். அவன் உட்கார்ந்ததும் பாட்டும் உட்கார்ந்துவிட்டது என்று ஊரே கேலி பேசியது. இன்னொரு வருஷம் போயிருந்தால் வேறு ஆளைப் போட்டிருப்பார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் விமானத்துக்குக் கிளம்புமுன் குழு மொத்தமும் கட்டிலருகே வந்து நின்றது. வாக்கரைப் பிடித்தபடி, சேயினி ஒரு பக்கம் தாங்க, ஃபெலெட்டி எழுந்து நின்றான்.

நின்றவன் சும்மா நிற்கவில்லை. வலது கையை மேலே தூக்கினான். நடக்கப் பழக்குபவர் பதறிப்போய் வாக்கரைப் பிடிக்கச் சொல்வதற்குள் வார்டே பாட ஆரம்பித்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் காலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தவர்கூடப் படுத்தபடியே கட்டைக்குரலில் சேர்ந்துகொண்டார். டாக்டர் கார்மோடிக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனாலும் கைக்குட்டையைத் தேடினார்.

சந்தோஷமான நேரத்தில் சொன்னால் உறைக்காது என்று ஹெய்லாலா அத்தையின் காதருகே குனிந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க அத்தை. ஆபரேஷனுக்கு முன்னாடி சாப்பிடக் கூடாதாம். நேத்து உங்க லூவுல அவர் கை வெச்சிருந்தா எல்லாமே கெட்டிருக்கும்."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கூடையில ஆறு பொட்டலம் இருந்துச்சே, ஒருத்தனுக்கு எதுக்கு ஆறுன்னு உனக்குத் தோணவே இல்லையா?"

ஹெய்லாலா கட்டிலைச் சுற்றி நின்ற குழுவை எண்ணிப் பார்த்தாள்.

"தர்பூசணியை வாங்கலேன்னு மூக்கைச் சிந்தினியே. வெறும் பிஸ்கட்டைத் தின்னுட்டு நாள் பூரா எலும்போட மல்லுக்கட்டுறாங்க, பாவம். நேரா குடுத்தா வாங்க மாட்டாங்க. அதான் அந்தப் பொண்ணு வர்ற நேரம் பாத்துப் பொட்டலத்தைப் பிரிச்சேன்."

"ஐயோ அத்தை, அதுக்குள்ள அவர் கையை நீட்டியிருந்தா?"

"ஒடிச்சிருப்பேன். எலும்பு டாக்டர்தான் பக்கத்துலயே இருக்காரே."