படிக்கட்டுப் பக்கத்து மைக்

ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறு கையில் போன்.

ஏணி மேல் எலக்ட்ரீஷியன் சகாயம். வாசலுக்கு நேராகக் கேமராவைத் திருகிக்கொண்டிருந்தார். போனில் அவள் கணவன் வேல்ராஜ், தோஹாவிலிருந்து வேலை வாங்கிக்கொண்டிருந்தான்.

திருட்டுப் பயம் என்றுதான் சொல்லியிருந்தான்.

"கேமராவுல இருக்கற மைக் பத்தாதுண்ணே. ரோட்டு இரைச்சல்தான் கேக்கும். தனியா ஒண்ணு படிக்கட்டுப் பக்கம் வைங்க."

படிக்கட்டில் எந்தத் திருடனும் உட்கார்ந்து பேசுவதில்லை. சாயங்காலங்களில் அங்கே உட்கார்ந்து தன் அக்காவுடன் போன் பேசுகிறவள் அவள்தான்.

சகாயம் அவளைப் பார்க்காமல் சுவரில் துளை போட்டார்.

"பவர் எங்கேருந்து எடுக்கறது சார்?"

"இன்வெர்ட்டர்ல குடுங்க. கரண்ட் போனாலும் ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. லோடு தாங்கும்ல?"

"இது ஒரு பல்பு அளவுதான் சார் இழுக்கும். இன்னும் ரெண்டு ஃபேன் போட்டாக்கூட தாங்கும்."

அவள் போனைப் பார்த்தாள்.

படுக்கையறை ஃபேனை இன்வெர்ட்டரில் சேர்க்கச் சொல்லி இரண்டு கோடையாகக் கேட்டிருக்கிறாள். லோடு தாங்காது, பேட்டரி போய்விடும் என்றான்.

கரண்ட் இல்லாத மதியங்களில் வேர்க்குருவோடு அழுத குழந்தைக்குக் காலண்டர் அட்டையால் விசிறினாள். கை ஓய்ந்தால் மறு கைக்கு மாற்றினாள்.

அவன் சொன்னதை நம்பினாள். அதை நினைக்கத்தான் கூசியது.

திரையில் அவன் நெற்றிதான் பெரிதாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஏசி. அவள் ஏணிப் பக்கம் நிமிர்ந்தாள்.

"அண்ணே, எங்க ரூம் ஃபேனையும் அதுலயே சேத்துருங்க."

"நீ சும்மா இரு. அவர் வந்த வேலையப் பாக்கட்டும்."

சகாயம் இறங்கினார். உள்ளே போய் கேமரா, ஃபேன் இரண்டுக்கும் இணைப்பைக் கொடுத்துவிட்டு வந்தார்.

மைக்கில் பச்சை விளக்கு எரிந்தது.

"கீழ நின்னு ஏதாச்சும் பேசு. கேக்குதான்னு பாக்கறேன்."

போனைச் சகாயத்திடம் கொடுத்தாள். மைக்குக்கு நேர் கீழே போய் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள்.

கல்யாணமான எட்டு வருஷத்தில் சேர்ந்தது எவ்வளவோ இருந்தது. எதையும் அவனிடம் சொல்லத் தோன்றவில்லை.

தொண்டையைச் செருமினாள்.

காறி, நிதானமாக, படிக்கட்டோரம் துப்பினாள்.

உள்ளே போய்விட்டாள்.

சகாயம் போனை முகத்துக்கு நேரே தூக்கினார்.

"சார், சத்தம் தெளிவா வந்துச்சா?"