இரண்டு சுவர்

“சீக்கிரம் சொல்லுங்க சார், நடு ரூம் யாருக்கு? கீழே லாரியில ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க.”

நாலாவது மாடி வராந்தாவில் நின்றுகொண்டு மூன்றாம் முறையாகக் கேட்டாள், அந்தக் கட்டடத்தை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட்.

“தம்பிக்கே கொடுத்துடுங்க மேடம்” என்றார் ஏழாம் நம்பர் வீட்டு அண்ணன்.

“ஐயோ, அண்ணன் இருக்கும்போது நானா? அவருக்கே இருக்கட்டும்” என்றார் எட்டாம் நம்பர் வீட்டுத் தம்பி.

இரண்டு வீடுகளுக்கு நடுவே ஓர் அறை என்று வரைந்தவள் அவள்தான். குளியலறை, அடுப்பு வைக்க ஒரு மேடை எல்லாம் உண்டு. எந்த வீட்டுக்கு இடம் போதவில்லையோ அதோடு அறை சேர்ந்துகொள்ளும். அடுத்த வீட்டுப் பக்கம் பலகைச் சுவர் வந்துவிடும். தேவை மாறினால் சுவரும் பக்கம் மாறும். இந்த மாடியில் மட்டும், கூடப் பிறந்தவர்கள் ஆயிற்றே என்று, இரண்டு பக்கமும் திறந்தே கிடந்தது.

மற்ற மாடிகளில் அந்த அறைக்காகக் குடுமிப்பிடிச் சண்டை நடக்கிறது. இங்கே என்னடாவென்றால், விட்டுக்கொடுப்பதில் போட்டி! பன்னிரண்டு மணிக்கு இன்னொரு கட்டடத்துக்குப் போக வேண்டும். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“பசங்க படிக்க இடம் வேணாமா சார்?”

“அவனுங்க எங்க மேடம் படிக்கறானுங்க?” என்றார் அண்ணன்.

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். “நீங்க வீட்லேர்ந்தே வேலை பாக்கறதா சொன்னீங்களே?”

“டைனிங் டேபிளே தாராளம் மேடம். மனசுல இடம் இருந்தா போதாதா?”

ஏழாம் நம்பருக்குள்ளிருந்து அண்ணன் மனைவியின் குரல் வந்தது. “எங்க முறை முடிஞ்சு பதினோரு நாள் ஆச்சு! ஞாபகம் இருக்கட்டும்!”

அறைக்குக்கூடவா முறை வைப்பார்கள்? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதற்குள் லாரியோடு வந்த ஆளிடமிருந்து போன் வந்தது.

“மேடம், எவ்வளவு நேரம் லிஃப்ட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது? அப்புறம், ஸ்டோர்ல ரெண்டு சுவர் ஏத்தி விட்டிருக்காங்க. ஒண்ணுதானே வேணும்?”

“ஒண்ணுதான். ஸ்டோர்காரங்களுக்கு இதே வேலையாப் போச்சு” என்று எரிச்சலோடு போனை வைத்தாள்.

“சரி, சுவர் போடணும்னு ஆபீசுக்கு லெட்டர் எழுதினது யாரு? நான் அதைப் பாக்கலை. அவங்க சொல்ற மாதிரி செஞ்சுடறேன்.”

“தம்பிதான்.”

“அண்ணன்தான்.”

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

“நான் ஏண்டா எழுதப் போறேன்?”

“அப்ப நானா எழுதினேன்?”

அவர்களுக்குப் பின்னால் சுவரோரம் இருந்த செருப்பு ஸ்டாண்ட் கிறீச்சென்று நகர்ந்தது. நடு அறைக்கு வராந்தாப் பக்கமும் ஒரு கதவு வைத்திருந்தது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை உள்ளிருந்து தள்ளித் திறந்துகொண்டு, கைத்தடியோடு ஒரு பெரியவர் வெளியே வந்தார்.

“அப்பா! நீங்க ஏன் எழுந்து வந்தீங்க?” இதையும் இருவரும் ஒரே நேரத்தில்தான் கேட்டார்கள்.

அவர் மகன்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“லெட்டர் எழுதினது நான்தாம்மா. ஸ்டோர்ல தப்பு ஒண்ணும் பண்ணலை. இந்தப் பக்கம் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு சுவர் போட்டுடு. எனக்கு இந்த வராந்தா கதவு போதும்.”